தணிகை மலையும் பட்டை நிப்பும்

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணி ரயிலில் ஏறினால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மஞ்சள் உடை, பூக்காவடி, மொட்டை போட அழைத்துப் போகும் குழந்தைகள் என்று பெட்டி முழுக்க முருகன் கூட்டம்தான். மற்ற நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் போகலாம். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். திருவள்ளூர், அரக்கோணம் தாண்டினால் தணிகை மலை தெரியும். அதற்குச் சற்று அப்பால் ஆந்திரா.

இந்த வழித்தடத்தில் மலை ஏறுபவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இங்க் பேனா பிரியர்களுக்கு இது ஒரு யாத்திரைப் பாதை. ரயில் புறப்படும் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பாரிமுனை. அங்கே 1920-களில் தொடங்கிய பேனாக் கடையான ஜெம் அண்ட் கோ, 'காமா' என்ற பெயரில் சொந்தப் பேனாக்களும் விற்கிறது. அடுத்து திருவள்ளூர். லேத்தில் கையாலேயே கடைந்து செய்யும் 'ரங்கா' பேனாக்களின் ஊர். வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து தேடி வாங்கும் பேனா அது. மூன்றாவதாகத் திருத்தணி. இங்கே பேனா தயாராவதில்லை. ஆனால் செப்டம்பர் 5-ஆம் தேதி வந்தால் நாடு முழுவதும் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பேனா பரிசளிக்கிறார்களே, அதற்குக் காரணமானவர் பிறந்த ஊர் இதுதான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் இங்கே பிறந்தார். அவர் குடியரசுத் தலைவரான 1962-லிருந்து அவருடைய பிறந்த நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அப்படிப்பட்ட ஊரின் கடைத்தெருவில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் எந்த ஸ்டேஷனரி கடை முன்னால் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும்.

"அண்ணே, பொண்ணு எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. எழுத்து அழகா வர்ற பேனா எதுனா இருக்கா?"

கடைக்காரர் கையில் கிடைப்பதை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் உருட்டு முனை கொண்ட ஒரு ஜெல் பேனா. விலை கொஞ்சம் கூடினால் தங்க நிறக் கிளிப் இருக்கும். வீட்டுக்குப் போய் எழுதிப் பார்த்தால் எழுத்து பழைய எழுத்தாகவே இருக்கும். குறை அந்தப் பெண்ணின் கையில் இல்லை, அப்பாவின் பணத்திலும் இல்லை. பேனாவின் முனையைப் பற்றி யாரும் பேசாததுதான் குறை.

சாதாரண பேனாவின் நிப்பு நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி உருண்டை இருக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பருமனில் கோடு விழும். பட்டை நிப்பில் அந்த உருண்டை கிடையாது. உளி மாதிரி நேராக வெட்டிய விளிம்பு. விளிம்பின் அகலத்துக்குக் குறுக்கே இழுத்தால் தடித்த கோடு, விளிம்பு போகும் வாட்டத்திலேயே இழுத்தால் மெல்லிய கோடு. கை அழுத்த வேண்டியதே இல்லை. தடிமனும் மென்மையும் தானாக மாறி மாறி வரும். திருமணப் பத்திரிகையில் பெயர் எழுதுபவர்கள், சான்றிதழ் எழுதும் ஓவிய ஆசிரியர்கள் கையில் பார்த்திருப்பீர்களே, அதே பேனாதான். இட்டாலிக் எழுத்து என்பது இதில் எழுதுவது. வெறுமனே சாய்த்து எழுதினால் இட்டாலிக் ஆகிவிடாது.

பெயரிலேயே இத்தாலி இருக்கிறது. ரோம் நகரில் எழுத்தராக இருந்த லுடோவிக்கோ அர்ரிகி, 1522-ல் இந்தக் கையெழுத்தைக் கற்பிக்கவே ஒரு சிறு புத்தகம் போட்டார். பிறகு கூர்முனை இறகும் உருட்டி எழுதும் பாணியும் வந்து அதை ஓரங்கட்டின. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜான்ஸ்டன் பட்டை முனையை மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1932-ல் ஆல்ஃபிரட் ஃபேர்பேங்க் எழுதிய கையேடு, சாதாரண மனிதரும் பள்ளிப் பிள்ளையும் தினசரி எழுத இதுதான் ஏற்றது என்று வாதாடியது.

இதெல்லாம் ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் பேனா வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தமிழ் எழுத்து பல நூற்றாண்டுகள் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. இரும்பு முனை எந்தப் பக்கம் போனாலும் ஒரே பருமன்தான். நார் வாட்டத்தில் நீளமாகக் கீறினால் ஓலை கிழியும் என்பதால் வளைவும் சுழியும் பெருகின. அதாவது தமிழ் எழுத்தில் சுழி அதிகம், உள்ளே இடம் குறைவு. ஆங்கிலத்துக்கென்று வெட்டிய அகல நிப்பை அப்படியே எடுத்து 'ண' எழுதினால் சுழிகளுக்குள் மை புகுந்து மூன்று கறுப்புப் பொட்டாக நிற்கும்.

கடையில் பேனாவைச் சோதிக்க எல்லோரும் கையெழுத்துதான் போட்டுப் பார்ப்பார்கள். கையெழுத்து எந்தப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும். கை அதற்குப் பழகியிருக்கிறது. அதற்குப் பதில் 'தணிகை' என்று எழுதிப் பாருங்கள். 'த'வில் நிமிர்ந்த கோடும் படுக்கைக் கோடும் கீழே ஒரு வளைவும் இருக்கின்றன. 'ணி'யில் நெருக்கமான சுழிகள், தலைக்கு மேல் ஒரு கொக்கி. 'கை'க்கு முன்னால் இரட்டைச் சுழி. இந்த மூன்று எழுத்திலும் சுழி திறந்து, வெள்ளை தெரிய வந்தால் அந்த நிப்பு தமிழுக்கு ஆகும். அடைத்துக்கொண்டால் எவ்வளவு விலையானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அகலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தின் உடம்பு, நிப்பின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரம் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பது இட்டாலிக் எழுதுபவர்களின் பொது விதி. கடைகளில் அதிகம் கிடைக்கும் பட்டை நிப்பு 1.1 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு என்றால் 5.5 மில்லிமீட்டர். சாதாரண கோடு போட்ட நோட்டில் இரண்டு கோட்டுக்கு நடுவே 7, 8 மில்லிமீட்டர்தான். அதற்குள் 'கி'யின் கொக்கி மேலே போக வேண்டும், 'கு'வின் வால் கீழே இறங்க வேண்டும். உடம்புக்கு மிஞ்சுவது 4 மில்லிமீட்டர். அப்படியானால் நோட்டில் எழுத 0.7 அல்லது 0.8 போதும். 1.1 நிப்பு இரட்டைக்கோடு நோட்டுக்கும் கடித உறைக்கும் வாழ்த்து அட்டைக்கும் ஏற்றது. 1.5-க்கு மேல் போனால் தலைப்பு எழுதத்தான் உதவும். ஆக, பேனாக் கடைக்குப் போகும்போது பிள்ளையின் நோட்டையும் கையோடு எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

பிடிக்கும் கோணமும் முக்கியம். ஆங்கில இட்டாலிக் புத்தகங்கள் நிப்பின் விளிம்பைக் கோட்டுக்கு 45 டிகிரியில் வைக்கச் சொல்லும். அந்தக் கோணத்தில் நிமிர்ந்த கோடும் படுக்கைக் கோடும் ஒரே பருமனாகிவிடும். ஆங்கிலத்தில் சாய்வுக் கோடுகள் அதை ஈடுகட்டும். தமிழின் 'ப', 'ட', 'ம' எல்லாம் நிமிர்ந்தும் படுத்தும் நிற்கும் எழுத்துகள். அழகு காணாமல் போய்விடும். விளிம்பைக் கொஞ்சம் படுக்க வைத்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கதையே மாறும். 1.1 நிப்பில் கீழே இறங்கும் கோடு 0.95 மில்லிமீட்டர், படுக்கைக் கோடு 0.55 மில்லிமீட்டர். 'ப' எழுதினால் இரண்டு தூண் நட்டு அடியில் ஒரு கம்பி கட்டியது போல நிற்கும்.

திருத்தணியில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான எதிர்ப்பாட்டு உண்டு. பஸ் நிலையத்திலும் கோயில் வரிசையிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும் ஊர் இது. நகரி பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பதி போகிறவர்களிலும் வருகிறவர்களிலும் பலர் இந்த வழியாகப் போகிறார்கள். சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்த திருத்தணி, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை கோடு போட்டாலும் எழுத்து கோடு தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. தெலுங்கு எழுத்துகளின் தலையில் 'சரி' குறி மாதிரி ஒரு கீற்று இருக்கும்; தலகட்டு என்பார்கள். அதைப் பட்டை நிப்பால் 45 டிகிரியில் எழுதிப் பார்க்க வேண்டும். இறங்கும் சின்னக் கோடு தடிமனாக, ஏறும் கோடு முடி போல மெல்லியதாக விழும். ஒரே பேனா, ஒரே கை. தெலுங்கு எழுதும்போது விளிம்பை நிமிர்த்தி, தமிழ் எழுதும்போது படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, என்ன வாங்கலாம்?

முதல் முறை முயற்சி செய்பவர்கள் மை ஊற்றும் பேனாவே வாங்க வேண்டாம். பட்டை முனை வைத்த ஸ்கெட்ச் போன்ற கேலிகிராஃபி பேனாக்கள் சிறிய ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆர்ட்லைன் போன்றவை 1 மில்லிமீட்டரிலிருந்து பல அகலங்களில் வருகின்றன. ஒரு மாதம் அதில் பழகி, கோணம் கைக்கு வந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். பிள்ளைக்கு ஆர்வம் விட்டுப் போனாலும் நஷ்டம் பெரிதில்லை.

அடுத்தது, ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண இங்க் பேனா. அதில் பட்டை நிப்பு இருக்காது. நாமே தீட்டிக்கொள்ள வேண்டும். ஹார்டுவேர் கடையில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் ஒரு தாள் வாங்கி, தண்ணீர் தொட்டு, நிப்பின் நுனியை நேராக வைத்து மெதுவாகத் தேய்த்தால் உருண்டை தட்டையாகும். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மூலைகளையும் லேசாக மழுக்கிவிட வேண்டும். மூலை கூராக இருந்தால் காகிதத்தைக் கீறும். மீடியம் நிப்பில் செய்தால் நோட்டுக்குப் பொருத்தமான 0.7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பேராசைப்பட்டு உருண்டை முழுவதையும் தேய்த்துவிட்டால் அடியில் வெறும் எஃகுதான் மிஞ்சும். சீக்கிரம் தேய்ந்து போகும். முதல் நிப்பு கெட்டுப்போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் மலிவுப் பேனாவில் செய்யச் சொல்வது.

தீட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு, கான்பூரின் கேன்ரைட் நிறுவனம் நியாயமான விலையில் அகலமான பட்டை நிப்புகளையே செய்கிறது. செலவு செய்ய முடிந்தால் ஜெர்மனியின் லாமி, 1.1, 1.5, 1.9 என்று மூன்று அகலத்தில் நிப்பு கிடைக்கும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானின் பைலட் பேரலல் 1.5-லேயே தொடங்குகிறது, 6 மில்லிமீட்டர் வரை போகிறது. அழகான பேனாதான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுக்கு வாங்கிக் கொடுப்பது, சந்து வீட்டுக்கு லாரி வாங்குவது போல. பரிசாக வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூர் விளிம்புள்ள சுத்த இட்டாலிக் நிப்பு வேகமாக எழுத விடாது. மேல்நோக்கித் தள்ளும்போது மூலை இடறும். மூன்று மணி நேரத் தேர்வில் அது தண்டனை. மூலை நன்றாக மழுங்கிய 'ஸ்டப்' வகைதான் அவர்களுக்குச் சரி. இடது கைக்காரர்களுக்கும் அதுவே வசதி, ஏனென்றால் அவர்கள் பேனாவை இழுப்பதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். காகிதத்தை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அவர்களுக்கும் கோணம் கிடைத்துவிடும்.

இப்போது திருவள்ளூருக்குத் திரும்பலாம். ரங்கா பேனாக்கள் பல, எபோனைட்டில் செய்யப்படுபவை. ரப்பரோடு ஏராளமாகக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மரக்கட்டை போல் இறுகிவிடும், அதுதான் எபோனைட். அதன் தண்டை லேத்தில் சுழற்றிக் குடைந்து, மறை வெட்டி, மெருகேற்றி ஒவ்வொரு பேனாவாகச் செய்கிறார்கள். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி இருக்காது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உரசி முகர்ந்தால் லேசாகக் கந்தக வாசனை வரும்.

பட்டை நிப்புக்கு இந்த வகைப் பேனா பொருந்துவதற்கு உருப்படியான காரணம் இருக்கிறது. அகலமான கோடு என்றால் அதிக மை. எபோனைட் பேனாக்களில் பலவும் ஃபில்லரால் நேரடியாக உடம்புக்குள் மை ஊற்றுபவை. சின்னக் குப்பி வைத்த பேனாவைவிடப் பல மடங்கு கொள்ளும். நிப்புக்கு அடியில் மையை இழுத்து வரும் கட்டையும் எபோனைட்டாக இருந்தால் மை அதில் நன்றாகப் பிடிக்கும், நடுவில் அறாது. தொந்தரவும் உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கினால் கைச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து சொட்டென்று ஒரு துளி விழும். அப்போது நிரப்பிவிட வேண்டும். வெயிலில் வைத்தால் கறுப்பு எபோனைட் பழுப்பாகும். திருத்தணியின் 365 படிகளை மத்தியானத்தில் ஏறுபவர் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகக்கூடிய பொருள் அல்ல.

விலை சில ஆயிரம் ஆகும் என்பதால் முதல் பேனாவாக இதை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பரிசு வாங்குவதாக இருந்தால், பக்கத்து ஊரில் கையால் செய்த பேனாவைவிடப் பொருத்தமானது எது? வருத்தம் என்னவென்றால், வெளிநாட்டுப் பேனாப் பிரியர்களுக்குத் தெரிந்த இந்தப் பெயர் இதே மாவட்டத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது. திருத்தணி பிள்ளைகள் மை தீர்ந்ததும் தூக்கி எறியும் பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில ஸ்டேஷன் தள்ளி, வாழ்நாள் முழுக்க எழுதும் பேனா பார்சலாகிக் கப்பலோ விமானமோ ஏறுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே வேலைக்கு ஒரு பழைய பெருமை இருக்கிறது. ஆந்திராவின் ராஜமுந்திரியில் 1932-லிருந்து ரத்னம் பேனா தயாராகிறது. சுதேசிப் பேனா ஒன்று வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்துக்காக உருவானது. காந்தியின் கைக்கு அந்தப் பேனாவைக் கொண்டு சேர்த்தவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கிடைத்ததும் 1935 ஜூலையில் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார், அதே பேனாவால்.

மை, காகிதம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கேமல், பிரில் போன்ற சாதாரண பேனா மையே போதும். ஓவியக் கடையில் விற்கும் 'இந்தியன் இங்க்' மட்டும் கூடவே கூடாது. அது காய்ந்தால் அரக்கு போல இறுகிப் பேனாவையே அடைத்துவிடும். பள்ளி நோட்டின் மெல்லிய தாளில் பட்டை நிப்பு எழுதினால் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். பேனாவில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல நோட்டில் போடுவது மேல். பழகுவதற்கு, கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் டி.என்.பி.எல். ஜெராக்ஸ் தாள் நன்றாகவே மை தாங்கும். அடியில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டால் வரி வளையாது.

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ் என்று பாடிக்கொண்டே ஏறுவார்கள். பாட்டுகளை நோட்டில் கையால் எழுதி எடுத்து வரும் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் நின்றால், அனுமதி கேட்டு அந்த நோட்டைப் பாருங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன்பு பள்ளி முடித்தவர்கள் பலர், 'மலை' என்று எழுதும்போது இன்னமும் 'லை'க்குப் பழைய யானைத் துதிக்கையைத்தான் போடுகிறார்கள். தும்பிக்கை தூக்கி இறங்கும் அந்த வளைவில் பட்டை நிப்பு மெல்லியதாக ஏறி, தடித்து இறங்கி, அடியில் மறுபடி மெலியும். புது 'லை'யில் அந்த விளையாட்டுக்கு இடம் கிடையாது. பேத்தியிடம் பட்டை நிப்புப் பேனா இருந்தால் தாத்தா கையில் ஒரு நிமிஷம் கொடுத்து எழுதச் சொல்லலாம். மூடியைத் தாத்தாவிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தில் பேனா தொலைவதைவிட மூடி தொலைவதுதான் அதிகம்.